தலையணைக்குப் போட்ட எழுத்து

மதினியின் ஆள்காட்டி விரல் அந்த அட்டையில் வந்து நின்ற விதம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எங்கள் அச்சகத்தின் மேசையோரம் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் எழுத்து மாதிரி அட்டை அது. 'நல்வரவு' என்ற ஒரே சொல்லை மேலிருந்து கீழாக ஐம்பது அறுபது வகை எழுத்தில் அடித்து, கசங்காமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருப்போம். வாடிக்கையாளர்கள் அதைக் கையில் வாங்கினால் லேசில் விடமாட்டார்கள். இதுவா அதுவா என்று புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் "நீங்களே நல்லதாப் பாத்துப் போடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். மதினி அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்த அந்த விரல் எந்த வரியிலும் தங்காமல் கீழே இறங்கி, இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஓர் எழுத்தின் மேல் நின்றது. "இதுதான்" என்றாள்.

அருப்புக்கோட்டையில் அந்த அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. பாலவனத்தத்தில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன். எழுத்துகளுக்கு அவற்றைச் செய்தவர்கள் வைத்த பெயர் எங்களுக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. நாங்களே பெயர் வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகைக்குக் கொடி ஓடுகிற மாதிரி வளைந்து நெளிவது தாலி எழுத்து. காதுகுத்துக்கு மொட்டை எழுத்து. பங்குனிப் பொங்கல் நோட்டீசுக்குச் சாமி எழுத்து. கட்சிக்காரர்களுக்கு என்று ஒரு குண்டு எழுத்து. மதினி விரல் வைத்தது கேதத்து எழுத்து. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பதினாறாம் நாள் பத்திரிகை, வருஷா வருஷம் வைக்கிற நினைவு நாள் பிளெக்ஸ் எல்லாமே அதில்தான். உள்ளதைச் சொன்னால், அந்த அட்டையிலேயே லட்சணமான எழுத்து அதுதான். தலை கனத்து, கால் சிறுத்து, ஓரமெல்லாம் பதமாக வளைந்திருக்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் பெயரைப் படித்துவிடலாம். அதற்காகத்தான் எவரோ ஒருவர் முதலில் அதைச் சாவுக்கு எடுத்திருக்க வேண்டும். அதன்பிறகு ஒருவரும் மாற்றவில்லை. எழுத்து என்ன பாவம் செய்தது? ஆனால் இந்தப் பக்கத்தில் சுவரில் அதன் சாயலைக் கண்டாலே, சொல்லைப் படிப்பதற்கு முன்னாலேயே, யார் போய்ச் சேர்ந்தது என்று கழுத்தை நீட்டுவார்கள்.

மதினி அன்றைக்கு வந்தது கடுகுத் தலையணைக்கு லேபிள் அடிக்க. பிறந்த குழந்தையின் தலை ஒரு பக்கமாய்ச் சப்பிப் போகாமல் உருண்டு வருவதற்காகக் கடுகை நிறைத்துத் தைக்கிற உள்ளங்கை அகலத் தலையணை அது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையைக் கிழித்து, பிரிவிடாத நுண்தையல் போட்டு, மதினி தைத்தால் ஒரு கடுகு வெளியே வராது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மதினி கைத் தலையணைதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. என் அண்ணன் போன பிறகு பேச்சே மாறிவிட்டது. ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். தாலி இல்லாதவள் தைத்ததைப் பச்சைக் குழந்தையின் தலைக்கு எப்படி வைப்பது என்று பின்னால் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

மதினியின் கூடப்பிறந்த அண்ணன் எம்.ரெட்டியபட்டியில் இருக்கிறார். தங்கச்சியை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அவர் முடிவே செய்துவிட்டார். போனால் அங்கே அவர் வீட்டு வேலையும் பருத்திக் காடும்தான். தையல் மெஷினை வைக்கக்கூட இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். மதினிக்குப் போக மனசில்லை. எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறையில், அண்ணன் வாங்கிப் போட்ட மெஷினோடு இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. அதற்கு அவள் கையில் ஒரு தொழில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. பஜாரில் பிள்ளை பெற்றவர்களுக்கான சாமான்கள் விற்கிற ஒரு கடைக்கார அம்மா, நாற்பது தலையணை கொண்டு வந்து வை, போனால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். டவுனில் யார் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர் போட்ட லேபிள் மட்டும் வேண்டும் என்றாளாம். தொட்டில் என்று மதினியே பெயர் வைத்துவிட்டாள். கீழே 'கையால் தைத்தது' என்று ஒரு சின்ன வரி. அந்த நாற்பதும் விற்றால் அவள் இங்கே இருப்பாள், விற்காவிட்டால் எம்.ரெட்டியபட்டிக்குப் போவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அட்டையில் வைத்த விரலை எடுக்காமலே மதினி சொன்னாள், "ஒங்க அண்ணனுக்குன்னு நீ தேடிப் பாத்துப் போட்டீல்ல, அதே எழுத்து. அவுக பேரு அன்னைக்குத்தான் பாக்க அம்புட்டு நல்லாருந்துச்சு."

அண்ணன் போன நாளில் நடந்தது இதுதான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே போய்விட்டார். வீட்டில் ஆட்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். போஸ்டர் அடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி போன் பண்ணி, "நீ வர வேண்டாம்மா, நான் வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன்" என்றார். நான்தான் கேட்காமல், சித்தப்பா மகன் பைக்கில் ஏறிப் போனேன். வீட்டில் நிற்க முடியவில்லை என்பது ஒரு காரணம். அழுகை வரவில்லை, அதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னொன்று. கம்ப்யூட்டரைப் போட்டேன். அச்சகத்தில் எந்த வேலையையும் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதில்லை. முன்னால் செய்த பைலைத் திறந்து, பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போட்டு, படத்தை மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். முந்தின வாரம் பரளச்சி பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு அடித்திருந்தோம். அதைத்தான் திறந்தேன். அவர் பெயரை அழித்துவிட்டு அண்ணன் பெயரைப் போட்டேன். அண்ணன் பெயர் கொஞ்சம் நீளம், இடம் போதவில்லை. எழுத்துக்கு நடுவில் இடைவெளியைக் குறைத்துச் சரிசெய்தேன். அது அழகாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. கை தானாகச் செய்தது. என் அண்ணன் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் படத்தையே பிளெக்ஸாகவும் அடித்து வீட்டு முன்னால் கட்டினார்கள். வெயிலில் நிறம் போகும்வரை மாதக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. மதினி மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக அதுதான் தெரியும். அவள் டவுனுக்கு வருவதே அபூர்வம். ஊர்ச் சுவரெல்லாம் அதே எழுத்து இருப்பதை முன்பு எப்போதாவது பார்த்திருப்பாள்தான். ஆனால் மற்றவர்கள் பெயரை எழுத்துக்காகவா பார்க்கிறோம்? தன் புருஷன் பெயரை அதில் பார்த்த பிறகு, அவளுக்கு அது அவர் எழுத்தாகிவிட்டது. நாத்தனார் தன் அண்ணனுக்காகத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தது என்று ஒரு நினைப்பையும் வளர்த்து வைத்திருந்தாள். என்மேல் அவளுக்கு இருந்த பிரியத்தில் பாதி அதனால்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இது கேதத்து எழுத்து மதினி, குழந்தைச் சாமானுக்கு ஆகாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் அவருக்கு நீ எதையும் தேடவில்லையா என்பாள். அதற்குப் பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. அவள் இருப்பதும் போவதும் அந்த நாற்பது தலையணையில் இருக்கிறது என்று தெரிந்தும், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டேன். பருத்தி நாடாவில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்ணி, வெட்டி, ஓரம் மடித்துக் கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். மதினி வாங்கி முகர்ந்து பார்த்தாள். மை வாசம் பிடித்திருக்கிறது என்றாள்.

நாற்பதையும் அவள் கடைக்குக் கொண்டுபோனது ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்கார அம்மா நல்ல மாதிரி. ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, தையலைப் பாராட்டியிருக்கிறாள். பிறகுதான் லேபிளைத் திருப்பியிருக்கிறாள். "ஏத்தா, பச்சப்புள்ள தலைக்கு வைக்கிறதுல கேதத்து எழுத்தப் போட்டுக் கொண்டாந்திருக்கியே, இத எப்படி நான் விக்க?" மதினிக்கு முதலில் புரியவில்லை. கடைக்கார அம்மா அவளை வாசலுக்குக் கூட்டி வந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைக் காட்டியிருக்கிறாள். இதெல்லாம் மதினி எனக்குச் சொன்னது இல்லை. பிற்பாடு அந்த அம்மாவே சொன்னாள். "உங்க மதினி அந்தச் செவத்துக்கிட்டப் போயி ரொம்ப நேரம் நின்னுச்சும்மா. வெயிலுன்னா வெயிலு. கூப்பிட்டேன், திரும்பல" என்றாள்.

மத்தியானம் மதினி அச்சகத்துக்கு வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் செவத்துல நாலு பேரு இருக்காக" என்றாள். "ஒருத்தரு வயசானவுக. ஒண்ணு காலேஜு படிச்ச புள்ளயாம். நாலு பேருக்கும் அதே எழுத்துதான்."

"ஆமா மதினி."

"ஒங்க அண்ணனுக்குன்னு நீ தேடி எடுத்ததுன்னு நெனச்சிருந்தேன்."

"தேடல மதினி. முந்துன வாரத்துப் பைலத் தொறந்து பேர மட்டும் மாத்துனேன்."

மதினி கொஞ்ச நேரம் என் கம்ப்யூட்டரையே பார்த்தாள். அதற்குள் அந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு, "சரி, தலகாணிக்கு எடுக்குறப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

மதினி மேசையில் கிடந்த பிளேடை எடுத்து, பையிலிருந்து ஒரு தலையணையை மடியில் வைத்து, லேபிளின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். துணியில் கீறல் படாமல் ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். நானும் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலாளி சாப்பிட்டு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாற்பதையும் பிரித்து முடித்து, லேபிள்களை ஒரு கவரில் போட்டு என்னிடம் நீட்டினாள். "இத என்ன செய்யணுமோ செஞ்சுக்க" என்றாள். அட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அதைத் தொடவில்லை. "நீயே எடு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எழுத்தைத் தேடுவது என்றால் என்ன என்று நான் அந்த மூன்று நாளில்தான் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எழுத்து பார்த்ததில்லை. ஒரு தலையணையை வாங்கி வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதலில் தாலி எழுத்தைப் போட்டேன். திரையில் பெரிதாகப் பார்க்க நன்றாக இருந்தது. லேபிள் அளவுக்குச் சுருக்கியதும் கொடியும் சுருளும் ஒன்றோடொன்று சிக்கி, தொட்டில் என்பதைப் படிக்கவே முடியவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையால் இதை எடுத்துப் பார்க்கிறவளுக்கு அதை உற்றுப் பார்க்க ஏது நேரம்? மெல்லிய கோடு உள்ள எழுத்து ஒன்றை நாடாவில் அடித்துப் பார்த்தேன். துணியின் இழை கோட்டை விழுங்கிவிட்டது. குண்டு எழுத்தில் மை பரவி 'டி'யின் கொக்கியும் 'ல்' மேல் புள்ளியும் அப்பிக்கொண்டன.

கைத்தையல்தானே, கையால் எழுதின மாதிரி இருக்கட்டும் என்று ஒரு கையெழுத்து வகையை எடுத்தேன். அதுதான் சரி என்று ஒரு மதியம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 'கையால் தைத்தது' என்பதில் தகரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் ஒரே கோணலோடு நின்றது. கையால் எழுதுகிறவளுக்குக் கோணல் ஒன்றுபோல விழாது. மதினியின் தையலையே எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு சீராக இருந்தாலும் மூலை திரும்புகிற இடத்தில் ஒரு கண் சின்னதாகிவிடும். அதன் பக்கத்தில் அந்தப் பொய்க் கையெழுத்தைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது. அழித்துவிட்டேன். கைவேலையைத் தையல் சொல்லும், எழுத்தும் சேர்ந்து நடிக்க வேண்டியதில்லை என்று புத்தியில் பட்டது.

கடைசியில் கிடைத்தது, அட்டையிலேயே இல்லாத ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்குள் எப்போது வந்ததோ, யாரும் ஒரு வேலைக்கும் எடுத்ததில்லை, அதனால் நாங்கள் அதற்குப் பெயரும் வைக்கவில்லை. மேலும் கீழும் ஒரே கனம். சுழியெல்லாம் அகலத் திறந்திருந்தது. வீட்டில் சும்மா கட்டுகிற நூல் சேலை மாதிரி, பார்த்ததும் கண்ணை இழுக்காது, பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். நாடாவில் அடித்தேன், மை உள்ளேயே நின்றது. எழுத்தின் கோடு மதினியின் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் இருபது தடவை பார்த்திருப்பேன். ஒரு பெயரை இப்படி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்த லேபிள்தான் இன்றைக்கும் மதினியின் தலையணைகளில் இருக்கிறது. கடைக்கார அம்மா எடுத்துக்கொண்டாள். பிறகு தொட்டில் துணியும் கேட்டாள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த அண்ணன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். மதினி அதே பக்கவாட்டு அறையில் இருக்கிறாள். லேபிள் தீர்ந்தால் போன் பண்ணுகிறாள். பஸ்ஸில் ஒன்றாகப் போகிறோம், கல்யாணம் காட்சிக்கு ஒன்றாக நிற்கிறோம். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பழைய பிரியம் இருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. அச்சகத்தில் கேதத்து வேலை வந்தால் இப்போதும் பழைய பைலைத்தான் திறக்கிறேன். வருகிறவர்கள் அவசரத்தில் வருகிறார்கள், வேறு எழுத்தைக் காட்டினால் "வழக்கமாப் போடுறதையே போடும்மா" என்கிறார்கள்.

புது லேபிளை முதன்முதலாக அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பக்கவாட்டு அறைக்குத்தான் போனேன். மதினி மெஷினை நிறுத்திவிட்டு ஒரு லேபிளை வாங்கினாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு தலையணையை எடுத்து அதன் மூலையில் வைத்து, விரலால் நீவிவிட்டாள்.

"நல்லாருக்கு" என்றாள். "இது இதுக்கு முன்னாடி யாருக்குப் போட்டது?"

"யாருக்கும் போடல மதினி. மூணு நாளு தேடி எடுத்தேன்."

அவள் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் லேபிளைப் பார்த்துக்கொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாள்.

"இத அவுகளுக்குப் போட்டிருக்கலாம்."